நாற்பத்தேழாம் குப்பி

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் கண்ணாடி அக்கா. மூன்றாவது மாடி நடைபாதையின் கோடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை அவளுடையது. இரண்டு தொட்டி, ஓர் உலர்த்தும் பெட்டி, சுண்டுவிரல் தடிமனிலிருந்து முழங்கை தடிமன் வரை பதினான்கு பிரஷ், ஆணியில் தொங்கும் ரப்பர் ஏப்ரன். மற்ற அறைகளில் இருந்தவர்கள் மூளையை ஆராய்ந்தார்கள். அவர்கள் அழுக்காக்கிய கண்ணாடியை அவள் கழுவினாள். இரண்டில் எது கஷ்டம் என்று யாராவது வாயைக் கிளறினால் அவளிடம் பதில் தயாராக இருந்தது. அவர்கள் தப்பு செய்தால் அழித்துவிட்டு எழுதலாம், அவள் கைதவறினால் கூட்டித்தான் அள்ள வேண்டும்.

அவள் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. பேச ஆள் கிடைக்காவிட்டால் குடுவைகளோடு பேசுவாள். "வயிறு இவ்வளவு பெருசு, கழுத்து இத்தனூண்டு. உன்னை எந்தப் புண்ணியவான் செஞ்சான்?" என்று ஒரு லிட்டர் குடுவையை நிற்க வைத்து விசாரிப்பாள். நடைபாதையில் போகிறவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். இப்படிப்பட்ட ஒருத்தி ஒரு புதன்கிழமை முழுக்க ஆய்வுக்கூடத்தில் வாயைத் திறக்காமல் இருந்தாள் என்றால், அதற்குக் காரணம் சின்னதாக இருக்க முடியாது.

காரணம் அவள் வீட்டுக்காரரிடம் தொடங்குகிறது. அவரை ஊரில் பாதிப் பேர் மேஸ்திரி என்றே அறிவார்கள். முப்பது வருஷம் டைல்ஸ் பதித்தவர். வங்கி, மருந்துக்கடை, பள்ளிக்கூடத்துக் கழிப்பறை, பணக்காரர் வீட்டுக் கூடம் என்று அவர் முட்டி போட்டு நகராத தரை அந்தப் பக்கத்தில் குறைவு. அந்த ஆய்வுக்கூடத்து மூன்றாவது மாடி நடைபாதையும் அவர் போட்டதுதான். சாம்பல் நிற டைல்ஸ், ஒன்றரை அடிக்கு ஒரு கறுப்புப் பட்டை. கட்டடத்தைத் திறந்தபோது அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்ததும் அவர் சிபாரிசில்தான். தரை காய்வதற்குள் தன் பெண்டாட்டியையும் உள்ளே பதித்துவிட்டார் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் வலது கை சும்மா இருக்கும்போது தானாக ஆட ஆரம்பித்தது. பிறகு நடையும் சுருங்கியது. வாசற்படி வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவார். பார்க்கின்சன் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், மாத்திரை கேட்டது, பாதி நாள் பழைய மனிதராகவே இருந்தார். வாசலில் நின்றுபோனால் அவள் தன் பாதத்தை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைப்பாள். அதைத் தாண்ட வேண்டும் என்று நினைத்ததும் கால் தானாகத் தூக்கும். "உன்னைத் தாண்டி எங்கயும் போக முடியலையே" என்று சொல்லிக்கொண்டே தாண்டுவார். வேடிக்கை என்னவென்றால், அவர் போட்ட அந்த மூன்றாவது மாடி நடைபாதையில் மட்டும் அவர் ஒருமுறைகூட நின்றதில்லை. கறுப்புப் பட்டை ஒவ்வொன்றையும் தாண்டித் தாண்டி மாப்பிள்ளை மாதிரி நடப்பார்.

நோயை அவர் சிரித்துக்கொண்டே சுமந்தார். சுமக்க முடியாமல் போனது அவருடைய அக்காவின் பேச்சைத்தான். அந்த அம்மாவுக்கு ஊரில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் காரணம் தெரியும். வைத்தியருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். தம்பியின் நோயைக் கேட்ட அன்றே தீர்ப்பு எழுதிவிட்டாள். "முப்பது வருஷம் அந்தப் பசையையும் ஆசிட்டையும் மோந்தியே, அதுதான்டா உன் மூளையைத் தின்னுருச்சு. தரை தரைன்னு உயிரை விட்ட, தரையே உன்னை முடிச்சிருச்சு." அப்படி உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது என்று மருத்துவர் இரண்டு முறை சொன்னார். அக்கா இருநூறு முறை சொன்னாள். எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மேஸ்திரி தன் சாந்துக்கரண்டியையும் ரசமட்டத்தையும் ரப்பர் சுத்தியையும் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போட்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குள் போனாலும் தரையைப் பார்க்கமாட்டார். முன்பெல்லாம் விருந்துக்குப் போன இடத்தில்கூடக் குனிந்து இடுக்குகளை விரலால் தடவிப் பார்க்கிற மனிதர். இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோய்க்கு அழாத கண்ணாடி அக்கா, பரணில் கிடந்த அந்தச் சாக்கைப் பார்த்துத்தான் அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாவது மாடியின் தலைவி, எல்லாரும் டாக்டரம்மா என்று கூப்பிடுகிறவர், ஒரு புதிய ஆய்வைத் தொடங்கினார். பார்க்கின்சன் உள்ளவர்கள் முப்பது பேர், இல்லாதவர்கள் முப்பது பேர். எல்லாருக்கும் முதுகுத்தண்டில் மெல்லிய ஊசி போட்டு, மூளையைச் சுற்றி ஓடுகிற நீரில் கொஞ்சம் எடுப்பார்கள். நோயாளிகளில் கடைசி ஆளாக, இரண்டாம் வருஷத்தில் மேஸ்திரி சேர்ந்தார். நலமானவர்களில் ஆள் குறைந்ததால் கண்ணாடி அக்காவும் முதுகைக் காட்டினாள்.

எதைத் தேடுகிறார்கள் என்று அவள் டாக்டரம்மாவிடமே நேராகக் கேட்டாள். டாக்டரம்மா தொட்டியின் விளிம்பில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"டோபமைன்னு ஒண்ணு இருக்கு அக்கா. நம்ம கை கால் நினைச்சபடி அசையறதுக்கு அது வேணும். அது உடையும்போது நடுவுல ஒரு பொருள் பொறக்குது. அது நஞ்சு. வெளியில இருந்து வர்றதில்ல, மூளையே உண்டாக்குறது. வழக்கமா அடுத்த நொடியே மூளை அதை வேற ஒண்ணா மாத்தி அனுப்பிடும். அந்த அனுப்புற வேலை மந்தமாச்சுன்னா, நஞ்சு அங்கயே தங்கி அந்த இடத்தையே கெடுக்குதோன்னு ஒரு சந்தேகம்."

"சந்தேகந்தானா?"

"சந்தேகந்தான். அதுக்குத்தான் இத்தனை ஊசி."

கழுவுகிறவளுக்கு இது நன்றாகவே புரிந்தது. பாத்திரம் தேய்த்தால் அழுக்குத் தண்ணீர் வரத்தான் செய்யும். தொட்டியின் வாய் அடைத்தால்தான் தொல்லை.

நீரை அளப்பதற்கு அறுபது சின்னக் கண்ணாடிக் குப்பிகள். காகிதம் ஒட்டினால் குளிரில் உரிந்துவிடும் என்று ஒவ்வொன்றின் மேலும் எண்ணையே பொறித்திருந்தார்கள். ஓர் எண் ஒருவருக்கு. அளந்து முடித்ததும் குப்பி கழுவ வரும், உறைபெட்டியில் வைத்திருக்கும் அவருடைய நீரில் கொஞ்சம் அடுத்த அளவுக்கு மறுபடி அதிலேயே ஊற்றுவார்கள். யாருக்கு எந்த எண் என்பது ஊசி போடும் நர்ஸின் பூட்டிய அலமாரியில் மட்டும்தான் இருக்கும். டாக்டரம்மாவுக்கே தெரியக் கூடாது, அது விதி. ஆனால் மேஸ்திரிக்கு ஊசி போட்ட அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் கண்ணாடி அக்கா. நர்ஸ் நீரை ஊற்றிய குப்பியில் நாற்பத்தேழு என்று இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். தினமும் அந்த அறுபது குப்பிகளையும் கையில் எடுக்கிறவளிடமிருந்து அதை எப்படி மறைக்க முடியும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து நாற்பத்தேழாம் குப்பிக்கு ராஜ உபசாரம். மற்ற ஐம்பத்தொன்பதும் சோப்பு, குழாய்த் தண்ணீர், கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு முழுக்கு என்று எழுதிய முறைப்படி போகும். காய்ச்சி வடிக்கிற இயந்திரம் சின்னது, சிக்கனம் வேண்டும் என்று உத்தரவு. நாற்பத்தேழு மட்டும் கையுறைக்குள் பத்திரமாக, நீர்த்த ஆசிட்டில் அரை மணி நேரம் ஊறும். இது மேஸ்திரியிடம் கற்றது. புதிய தரையில் படிந்த சிமெண்டு மங்கலை அவர் அப்படித்தான் எடுப்பார். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று முறை அலசல். "உள்ள இருக்கறது யாருன்னு தெரியுமில்ல, ஒழுங்கா நடந்துக்க" என்று குப்பிக்குப் புத்தி வேறு சொல்லுவாள். தன்னுடைய குப்பி எந்த எண் என்று பார்த்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அளக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவரைப் புள்ளி சார் என்பார்கள். மணி கேட்டால்கூடப் புள்ளி வைத்து மூன்று இலக்கம் சொல்லக்கூடிய ஆசாமி. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவர் கையில் ஒரு காகிதத்தோடு நடைபாதையில் ஓடிவந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"டாக்டர், நாற்பத்தேழைப் பாருங்க. மத்த எல்லாரையும்விட இருபது மடங்கு. இருபது புள்ளி ஒண்ணு நாலு ரெண்டு மடங்கு. மூணு தடவை ஓட்டிட்டேன்."

டாக்டரம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் நஞ்சு ஏறக்குறைய இல்லை என்கிற அளவில் கீழே கிடந்தது. ஒரு புள்ளி மட்டும் மேலே தனியாக நின்றது. இரண்டு வருஷமாக ஒன்றும் கிடைக்காமல் முகம் வாடியிருந்த மனுஷி, நடைபாதை என்றும் பார்க்காமல் புள்ளி சாரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அடுத்த திங்கட்கிழமை ஆய்வைத் தொடரலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு வருகிறது. கடவுளே கொடுத்த மாதிரி இந்த நாற்பத்தேழு.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற கண்ணாடி அக்காவின் கையில் பிரஷ் அப்படியே நின்றது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். டீ போட்டாள். பேசவில்லை. மேஸ்திரி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"என்ன, தொண்டை கட்டிருச்சா? இல்ல என் மேல கோபமா? ரெண்டுல எதுன்னாலும் சொல்லிடு, இந்த அமைதி எனக்குப் பயமா இருக்கு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "உங்க தலைக்குள்ளயே இருபது மடங்கு நஞ்சு ஊறுதாங்க."

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அவர் முகம் மெல்ல விரிந்தது. அந்த நோய் முகத்தின் சிரிப்பைத் திருடிவிடும், அவர் முகம் இப்படி விரிந்து அவள் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன.

"என் தலைக்குள்ளயேவா? மூளையே செய்யுதா?"

"ஆமாங்க."

"அப்ப பசை இல்ல. ஆசிட் இல்ல. என் தரை இல்ல."

அவள் பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டார். "பள்ளிக்கூடத்துல ஒரு பாடத்துலகூட முதல் மார்க் வாங்கினதில்ல. அறுபது பேருல இப்ப முதல் மார்க்" என்று சொல்லிக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, உனக்கு ஒரு சேதி. தரை மேல நீ போட்ட கேசு தள்ளுபடி ஆயிடுச்சு." அந்தப் பக்கத்தில் அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள் வாழ்க்கையில் அது முதல் முறையாக இருக்கலாம்.

அன்றே பரணிலிருந்து சாக்கு இறங்கியது. சமையலறை வாசலில்தான் அவர் தினமும் நின்றுபோவார். அந்த இடத்தில் ஆய்வுக்கூடத்து நடைபாதை மாதிரியே கறுப்புப் பட்டை வைத்து மூன்றடிக்குத் தரை போடப் போவதாக அறிவித்தார். பழைய டைல்ஸைப் பெயர்க்க உட்கார்ந்தார். சும்மா இருக்கும்போது ஆடுகிற கை, கரண்டியைப் பிடித்ததும் பாதிக்கு மேல் அடங்கியது. அவர் பாட்டை முணுமுணுத்தார். ராகம் கண்டபடி போனது. கண்ணாடி அக்கா கதவோரம் நின்று பார்த்தாள், ஆறு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமான சாயங்காலம் அந்த வீட்டுக்கு வந்ததில்லை என்று அவளுக்குப் பட்டது.

மறுநாள் புதன்கிழமை காலையில் அந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு வந்தது. வேறு எங்கிருந்தும் இல்லை, பாத்திரம் வைக்கும் மேடையிலிருந்து.

இரண்டு கண்ணாடி டம்ளர் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்ந்திருந்தன. ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. அவளுடையது குழாயடியில் ஒரு அலசு அலசி வைப்பது, உட்புறம் பழுப்பேறி மங்கியிருந்தது. ஊர்க் குழாயெல்லாம் பழையது, தண்ணீரில் துரு வரும். அவருடையதை, மாத்திரை போடுகிற டம்ளர் என்று, வடிகட்டிக் காய்ச்சிய தண்ணீரில் மூன்று முறை அலசுவாள். அது புதிதாகப் பளபளத்தது. அவள் இரண்டையும் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

துளி அழுக்குப் பட்டாலும் அந்த நஞ்சு சீக்கிரம் கெட்டுப்போகும், தொட்டால் வாடுகிற பொருள் என்று டாக்டரம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஐம்பத்தொன்பது குப்பிகளின் உட்புறத்திலும் கண்ணுக்குத் தெரியாத துரு. நாற்பத்தேழில் மட்டும் இல்லை. அப்படியென்றால் மேஸ்திரியிடம் இருப்பது கூடுதல் இல்லை. மற்றவர்களுடையது குப்பியிலேயே அழிந்துபோகிறது.

அந்தப் புதன்கிழமைதான் அவள் வாய் திறக்காத நாள். ஒரு குப்பிகூட அவளிடமிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொன்னால் வேலை போகலாம், வருஷாவருஷம் புதுப்பிக்கிற வேலை அது. எண்ணைத் தெரிந்துகொண்டது ஒரு தப்பு, முறையை மீறிக் கழுவியது இன்னொரு தப்பு. ஆனால் அவளை வாட்டியது அதுவல்ல. வீட்டில் ஒரு மனிதர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கலவை குழைக்கிறார். சொன்னால் அந்தச் சாக்கு மறுபடியும் பரண் ஏறிவிடும். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று மனம் பூசி மெழுகியது. அப்போது பார்த்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா அக்கா? சத்தமே காணோம். திங்கட்கிழமை முடியட்டும், அந்த நாற்பத்தேழு யாரா இருந்தாலும் கூப்பிட்டு இன்னும் நாலு தடவை ஊசி போட்டுப் பார்க்கணும்."

இல்லாத ஒன்றைத் தேடி அவர் முதுகில் நாலு ஊசி. அவளுக்கு மனம் பூசிய மெழுக்கெல்லாம் உரிந்துபோனது.

சாயங்காலம் இரண்டு டம்ளரையும் கொண்டுபோய் மேஸ்திரியின் முன்னால் தரையில் வைத்தாள். அவர் அப்போதுதான் முதல் வரிசைக்கு நூல் பிடித்திருந்தார். ஆசிட்டில் தொடங்கி டம்ளர் வரை அவள் சொல்லி முடித்தாள். அவர் டம்ளர்களைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். வலது கை மடியில் கிடந்து ஆடத் தொடங்கியது.

"ஒரு வரிசைல ஒரே ஒரு டைல் மட்டும் தூக்கிட்டு நின்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டார்.

"எடுத்துட்டுக் கீழே பார்ப்பீங்க."

"டைல்ஸைக் குறை சொல்லமாட்டேன். கலவையைப் பார்ப்பேன். நேத்தே எனக்குத் தோணியிருக்கணும். சந்தோஷத்துல கண்ணு மறைச்சிருச்சு." டம்ளர்களை அவள் பக்கம் தள்ளி, "போய் சொல்லிடு" என்றார்.

"சொன்னா மறுபடியும் தரை மேல பழி வருமேங்க. உங்கக்கா சும்மா இருப்பாங்களா?"

"வரட்டும். தப்பான மட்டத்து மேல தரை போட்டா எப்படித் தூங்குறது?"

அவருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. அன்றைக்கு அதற்கு மேல் அவர் கரண்டியைத் தொடவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே சமைத்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு டாக்டரம்மாவின் அறையில் கண்ணாடி அக்கா நின்றாள், கையில் இரண்டு டம்ளர். ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். புள்ளி சாரின் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா முதலில் கேட்டது ஒரே கேள்வி.

"எண் எப்படித் தெரியும்?"

"பார்த்தேன்மா. கண்ணு இருக்கே."

"இது எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியுமா அக்கா?"

"தெரியும். அதான் டம்ளரோட வந்திருக்கேன்."

டாக்டரம்மா கோபமாகத்தான் இருந்தார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, இரண்டு வருஷத்து உழைப்பு, திங்கட்கிழமை குழு. அவர் எழுந்து ஜன்னலருகே போனார், திரும்பி வந்தார், பழுப்பேறிய டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் குரல் மாறியது.

"புள்ளி சார், எல்லாருடைய நீரிலயும் பாதி உறைபெட்டில இருக்கில்ல?"

"இருக்கு. அறுபது பேருடையதும்."

"அக்கா, அறுபது குப்பியையும் நாற்பத்தேழைக் கழுவுற மாதிரி கழுவுங்க. என் கண்ணு முன்னாடி."

காய்ச்சி வடிக்கிற இயந்திரம் அன்று முழுக்க ஓய்வில்லாமல் சொட்டியது. சிக்கனம் எல்லாம் காற்றில் போனது. டாக்டரம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பாதியில் அவரும் கையுறை மாட்டிக்கொண்டு தொட்டிக்கு வந்தார். "அப்படி இல்லம்மா, கழுத்தைப் பிடிச்சுச் சுத்தணும்" என்று கண்ணாடி அக்கா அவர் கையிலிருந்து குப்பியைப் பிடுங்கினாள். வாய் திரும்பி வந்துவிட்டது. நடைபாதையில் போனவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை மதியம் இயந்திரம் காகிதத்தைத் துப்பியது. இந்த முறை புள்ளி சார் ஓடவில்லை. நடந்து வந்து, அதை மேசையில் விரித்தார். அறுபது புள்ளிகளும் மேலே ஏறியிருந்தன. நோயாளிகளுடையது சிவப்பு, நலமானவர்களுடையது நீலம். நர்ஸிடம் நிறத்தை மட்டும் கேட்டுக் குறித்திருந்தார், எண்கள் எழுதவில்லை. சிவப்புக் கூட்டம் கொஞ்சம் மேலே, நீலக் கூட்டம் கொஞ்சம் கீழே, நடுவில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. தனியாக நின்ற புள்ளி எதுவும் இல்லை.

"என் கழுவுல தப்பு இருந்துதாம்மா?" என்று கண்ணாடி அக்கா கேட்டாள்.

"நாங்க எழுதிக் கொடுத்த கழுவுல தப்பு இருந்துச்சு. ரெண்டு வருஷமா இருந்ததையெல்லாம் கழுவிக் கொன்னுட்டு, ஒண்ணும் இல்லைன்னு உட்கார்ந்திருந்தோம். உங்க தப்புனாலதான் கண்டுபிடிச்சோம். அதுக்காக அது தப்பு இல்லைன்னு ஆயிடாது. இனிமே எண்ணைப் பார்த்தா வேலை போயிடும்."

"கண்ணை மூடிட்டே கழுவுறேன்மா" என்றாள் அவள். புள்ளி சார் சிரித்துவிட்டார். பிறகு அவள் காகிதத்தின் மேல் குனிந்தாள். "இந்த நீலத்துல நானும் ஒருத்தி. அப்ப எனக்குள்ளயும் அது இருக்கு?"

"எனக்குள்ளயும், இவருக்குள்ளயும். எல்லாருக்குள்ளயும் இருக்கு."

"சிவப்பு கொஞ்சம் மேல இருக்கே. அப்ப நோய்க்கு அதுதான் காரணமா?"

"அதனால நோய் வந்ததா, நோய் வந்ததால அது கூடுச்சான்னு இந்தக் காகிதம் சொல்லாது. அறுபது பேரை வச்சு அடிச்சுச் சொல்றது நியாயமும் இல்ல. இன்னும் நிறைய பேரைப் பார்க்கணும். இப்பத்தான் பார்க்கவே ஆரம்பிச்சிருக்கோம்."

அவள் கேட்க வந்த கேள்வி இன்னொன்று. அதையும் கேட்டுவிட்டாள். "டைல்ஸ் பசை, ஆசிட், அதெல்லாம் இதுல சேருமா?"

டாக்டரம்மா காகிதத்தை மடித்தார். "அதை நான் பார்க்கவே இல்லையே அக்கா. ஆமான்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. இல்லைன்னு சொல்லவும் இல்ல. பொய்யா ஒரு ஆறுதல் வேணுமா?"

"வேணாம்மா" என்றாள். சொல்லும்போது கஷ்டமாகத்தான் இருந்தது.

பஸ்ஸில் வரும்போது முழு வழியும் அவள் பரணைப் பற்றியே நினைத்தாள். சாக்கு எந்தப் பக்கம் கிடக்கும், முடிச்சு எப்படிப் போட்டிருப்பார் என்றுகூட மனதில் ஓடியது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் முதலில் மேலேதான் பார்த்தாள். பரண் காலி.

மேஸ்திரி சமையலறை வாசலில் முட்டி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கறுப்புப் பட்டை உட்கார்ந்துவிட்டது, மூன்றாவது கையில் இருந்தது. மூக்கில் சிமெண்டு.

"சொல்லு, என் மார்க் என்ன?" என்றார் தலையைத் தூக்காமல்.

"கூட்டத்தோட கூட்டமா இருக்கீங்க. எல்லாருக்குள்ளயும் அது இருக்காம். எனக்கும் இருக்கு. டாக்டரம்மாவுக்கும் இருக்கு."

"முதல் மார்க் போச்சா."

"போச்சு."

"தரை?"

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தெரியாதுன்னு சொல்லிட்டாங்க. ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல."

அவர் தலையை ஆட்டினார். மூன்றாவது பட்டையைக் கலவையின் மேல் வைத்து, உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு யோசித்தார். சும்மா கிடந்த கை ஆடத் தொடங்கியது. கை ஆட ஆட, பட்டை ஒரு நூல் அளவு கீழே இறங்கி மற்றவற்றோடு மட்டமாக உட்கார்ந்தது. அவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், குமிழி நட்ட நடுவில் நின்றது.

"பார்த்தியா? முப்பது வருஷம் சுத்தி வச்சுத் தட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப கையை வச்சாலே போதுது." அவர் குரல் லேசாக உடைந்தது, உடனே சரியானது. "தெரியாதுன்னா தெரியாது. அதுக்காக நான் போட்ட தரையெல்லாம் கெட்ட தரை ஆயிடுமா? அதுல எத்தனை குழந்தைங்க தவழ்ந்துச்சு தெரியுமா உனக்கு? அக்கா கேட்டா இதையே சொல்லிடு. இல்ல, நானே சொல்றேன்."

கலவை இறுகும் வரை இரண்டு நாள் அந்த வாசலில் யாரும் கால் வைக்கவில்லை. அவள் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் போனாள், ஜன்னல் வழியாகத்தான் டம்ளரும் தட்டும் போய் வந்தன. திங்கட்கிழமை குழு வந்தது. டாக்டரம்மா தப்பு, சரி இரண்டையும் மறைக்காமல் சொன்னார், இன்னும் இரண்டு வருஷத்துக்கு அனுமதி கிடைத்தது. கழுவும் அறைச் சுவரில் புதிய முறையை எழுதி மாட்டினார்கள். மூன்றாவது மாடியில் அதற்கு நாற்பத்தேழு கழுவு என்றே பெயர் நின்றுவிட்டது. பெரிதாக ஒரு காய்ச்சி வடிக்கும் இயந்திரமும் வந்தது. கண்ணாடி அக்கா அதற்குக் குண்டன் என்று பெயர் வைத்தாள்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி கூடத்திலிருந்து எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தார். வாசல் வந்தது. அவள் பழக்கத்தில் பாதத்தை நீட்டப் போனாள். அவர் கையால் தடுத்தார். முதல் பட்டையைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார், மூன்றாவதையும் தாண்டி உள்ளே வந்து நின்றார். ஆறு வருஷத்தில் முதல் முறையாக அந்த வாசலில் அவர் நிற்கவில்லை. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, அதை அவள் மறைக்கவில்லை.

"ஆய்வுக்கூடத்துல எல்லாக் குப்பிக்கும் இப்ப ஒரே கழுவுதானே?" என்று அவர் கேட்டார்.

"ஒரே கழுவுதான். யாருக்கும் சலுகை இல்ல."

"வீட்டுலயும் அப்படித்தானா?"

வாய் ஓயாத அந்த மனுஷி தொட்டிக்குத் திரும்பி, தன் டம்ளரைக் குழாயில் ஒரு அலசு அலசி வைத்தாள். பிறகு அவருடையதை எடுத்து, காய்ச்சிய தண்ணீரை ஊற்றி, மூன்று முறை அலசினாள்.